மூடி எங்கே, பாப்பா

"மூடி எங்கே? மூடி எங்கே, பாப்பா?"

"அங்கதான் இருக்கு, கண்ணைத் திறந்து..."

"கண்ணைத் திறந்துதான் பாக்குறேன். மேசை பூரா புழு நெளியுது. அதுதான் தெரியுது."

"...பாருங்கன்னு சொல்ல வந்தேன். முழுசா சொல்ல விட்டாத்தானே."

"நீ முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள புழு எல்லாம் வண்டாயிடும்."

"ஆகட்டுமே. வண்டையும்தான் தின்பான் நம்ம துரை. உங்களை மாதிரி, தட்டைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளிக்க மாட்டான்."

"நான் எப்ப சுளிச்சேன்? யார் சொன்னது, உன் அண்ணனா?"

"எங்க அண்ணனை ஏன் இழுக்கிறீங்க?"

"நான் எங்கம்மா இழுத்தேன்? நீங்க எல்லாரும் சேர்ந்துதானே என் தலையில கட்டினீங்க."

மூடி பாப்பாவின் அங்கிப் பையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். புழு டப்பாவைத் திறந்ததும் மூடியைப் பையில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். போட்டதை மறப்பது அதைவிடப் பழைய வழக்கம். கை தானாகப் பைக்குள் போய் மூடியைத் தொட்டதும் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி பார்த்துவிட்டாள்.

"என்ன, கிடைச்சுதா?"

"கிடைக்கிறதுக்கு அது தொலையவே இல்லையே."

ஐம்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் பெண்டாட்டியோடு ஒரே சமையலறையில் சமைத்தாள், ஒரே வேலைக்கு வந்தாள். அண்ணன் அந்த இடத்துக்கே வண்டி ஓட்டினான். காலையில் மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறினால், முன் இருக்கையில் இருக்கிறவன் மட்டும் வாய் திறக்க மாட்டான். திறந்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும்.

வேலை என்றால் பறவை வளர்ப்பது. மலைச்சரிவில் ஒரு நீளமான கட்டடம். கொசு நுழையாதபடி ஒவ்வொரு வாசலிலும் இரட்டைக் கதவு, நடுவில் வலை. உள்ளே கூண்டு அறைகள், குஞ்சு அறை, அதை ஒட்டித் தீனி அறை. தீனி அறையில் பழம் நறுக்கலாம், முட்டையை மசிக்கலாம், புழுவைப் பொறுக்கலாம். வாய் வலிக்கிற வரைக்கும் சண்டை போடலாம். அங்கிருந்து குஞ்சு அறைக்குள் கால் வைத்தால் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. கதவில் பலகையே மாட்டியிருந்தார்கள்: இங்கே பேசாதீர்.

காரணம் இருந்தது. அவர்கள் வளர்த்தது புகைச்சிட்டு. புகை நிறத்தில் கட்டைவிரல் அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். ஆண் பாதிப் பாட்டைப் பாடி நிறுத்தும். மீதியைப் பெண் எடுத்துப் பாடி முடிக்கும். இடையில் மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. தெரியாதவர்கள் கேட்டால் ஒரே பறவை பாடுகிறது என்றுதான் நினைப்பார்கள். அப்படிப் பாட்டு சேர்ந்தால்தான் கூடு. சேராவிட்டால் பெண்ணின் வயிற்றில் முட்டையே பிடிக்காது. அந்தப் பாட்டைக் குஞ்சு பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. கூட்டில் கிடக்கும்போது அப்பன் பாடுவதைக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்ளும். அப்பன் இல்லாத குஞ்சுக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட வேண்டும். மனிதக் குரல் காதில் விழவே கூடாது.

அதனால் அண்ணியும் பாப்பாவும் திரைக்குப் பின்னால் நின்று, தாய்ப்பறவையின் தலை மாதிரி தைத்த துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, இடுக்கியால் புழுவை ஊட்டுவார்கள். பேசுவதெல்லாம் விரலாலும் புருவத்தாலும்தான். அந்த அறைக்குள் அவர்கள் ஒரு சொல் பேசியதில்லை. தும்மல் வந்தால் பாப்பா வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவாள்.

"இன்னைக்கு நடுப்பலகையைத் திறந்துடலாம் அண்ணி."

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்? துரைக்கு வால் முழுசா வந்தாச்சு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பாடுறான். மகாராணிக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது."

"அதனாலதான் சொல்றேன். அவசரப்பட்டுத் திறந்து, அவ இவனைக் கொத்திட்டான்னா?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்போ எங்க அண்ணனைக் கொத்தலையா? பிழைச்சுக்கிட்டான்ல."

"பிழைச்சானா இல்லையான்னு அவரைக் கேட்டுத்தான் சொல்லணும்."

சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே கையைக் கழுவினார்கள். குஞ்சு அறைக் கதவைத் தொட்டதும் இரண்டு முகமும் தானாக மூடிக்கொண்டன.

மகாராணி மலையில் பிடித்த பெண். உச்சிக்குப் போன ஒரு தேடல் குழு அவளைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் போன குழுக்கள் வெறுங்கையோடு வந்தன. துரை அவளுக்கு முன்னாலேயே முட்டையாக வந்தவன். பெற்றோர் கைவிட்ட கூட்டிலிருந்து எடுத்த முட்டை. அண்ணன்தான் வண்டி ஓட்டினான். மலைப்பாதை முழுக்க நத்தை மாதிரி வந்தான். வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒருநாள்தான் அவன் வண்டியை ஒழுங்காக ஓட்டினான் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். பொரிப்புப் பெட்டியில் பொரித்து, இருவர் கையாலும் தின்று வளர்ந்து, இப்போது வாலைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். மற்ற கூண்டுகளில் இருந்தவை கொசுக்காய்ச்சல் வந்த வருடம் போய்விட்டன. எந்த வலையில் எந்த ஓட்டை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, உலகத்தில் இரண்டு. ஒன்று ஆண், ஒன்று பெண். அதுவரைக்கும் அதிர்ஷ்டம்தான்.

காட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டால், அண்ணன் சுருக்கமாகச் சொல்வான். "கீழே வெக்கை ஏற ஏற இதுங்க மேலே ஏறிச்சு. பின்னாலேயே கொசு ஏறிச்சு. கொசு பின்னாலேயே நாம ஏறினோம், ஓட்டலும் தோட்டமுமா. இதுங்க இன்னும் கொஞ்சம் மேலே போகலாம்னு பாத்திருக்கும். மலை முடிஞ்சு போச்சு."

*

அன்றைக்கே திறந்தார்கள். பாப்பா ஜெயித்தாள்.

குஞ்சு அறையில் இரண்டு கூண்டுக்கும் நடுவில் இருந்த பலகையை அண்ணி கயிற்றால் மெல்ல இழுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேலாளர் அம்மாவும் வந்து நின்றாள். துரை தத்தித் தத்திக் கிளையின் நுனிக்கு வந்தான். மகாராணியைப் பார்த்தான். வாலைச் செங்குத்தாகத் தூக்கி, தொண்டையை உப்பி, பாடினான். தாழ்ந்த குரலில் இரண்டு தட்டு. அதே போல இன்னும் இரண்டு. கடைசியில் மேலே ஏறி, கேள்வி மாதிரி நிற்கிற ஓர் இழுப்பு. நிறுத்தினான். காத்திருந்தான்.

பாப்பா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகாராணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ எதற்கோ சத்தம் போடுகிறார்கள், நமக்கு என்ன என்பது போல இறகைக் கோதிக்கொண்டாள்.

துரை மறுபடி பாடினான். மறுபடி நிறுத்தினான். அவள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வெட்கப்படுறா," என்றாள் பாப்பா, தீனி அறைக்கு வந்ததும்.

"வெட்கமா அது? உன் அண்ணன் என்னைப் பெண் பார்க்க வந்தப்போ நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். பிடிக்கலைன்னு அர்த்தம்."

"அப்புறம் எப்படிப் பிடிச்சுது?"

"பிடிச்சுதுன்னு யார் சொன்னா? டப்பாவை மூடு. மூடி எங்கே? மூடி எங்கே, பாப்பா?"

"அங்கதான் இருக்கு."

அடுத்த நாளும் அவன் பாடினான். அதற்கடுத்த நாளும். மகாராணி கொத்தவில்லை, விரட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தின்றாள். ஆனால் அவன் பாடும்போது மட்டும், அவன் பாடுவது தனக்கு இல்லை என்பது போல இருந்தாள். வாரங்கள் போயின. பருவம் முடிந்தால் அடுத்த பருவத்துக்கு அவள் இருப்பாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"ஊசி, குழாய்னு வேற வழி இல்லையாம்மா?" என்று அண்ணி மேலாளரிடம் கேட்டாள்.

"கையில பிடிச்சாலே உயிர் போயிடும், அவ்வளவு சின்னது. அதோட, பாட்டு சேராம அவளுக்கு முட்டையே வராது. வழி இருந்தா நான் பண்ணாம இருப்பேனா?"

இரவுச் சாப்பாட்டிலும் அதே பேச்சு.

"நீ கொடுக்கிற புழு கொழுத்துக் கிடக்கு. தின்னுட்டு மந்தமாப் பாடுறான்," என்றாள் அண்ணி.

"மந்தமாவா? கட்டடமே அதிருது. மகாராணிக்குத்தான் காது மந்தம், வயசாச்சு."

"அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நான் செருப்பைக் கழட்டினாலே திரும்பிப் பாக்குறா."

"உங்க செருப்புச் சத்தம் செத்தவங்களுக்கே கேக்கும்."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தினா, நான் சாப்பிடுறது எனக்காவது கேக்கும்," என்றான். யாரும் நிறுத்தவில்லை. அவனும் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

*

மேலாளர் அம்மா ஓர் ஒலிப்பதிவாளரை வரவழைத்தாள். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். ஒருநாள் முழுக்கத் துரையைப் பதிவு செய்தார். மறுநாள் மேலாளர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, முதலில் மலையில் எடுத்த பழைய ஆண் பாட்டைப் போட்டார். அது தண்ணீர் படிப்படியாக இறங்குகிற மாதிரி இருந்தது. பிறகு துரையின் பாட்டு.

"பாத்தீங்களா? குரல் அதே குரல்தான். மெட்டுதான் வேற. எங்கிருந்தோ வேற எதையோ பிடிச்சிருக்கான். சுத்துவட்டாரத்துல இருக்கிற எல்லாப் பறவையோடயும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன். எதுவும் இல்லை. கொஞ்சம் நிதானமாப் போட்டுக் காட்டுறேன்."

வேகத்தைக் குறைத்தார். கீச்சுக்குரல் தடித்து, இறங்கி, ஏறக்குறைய மனிதக் குரலின் உயரத்துக்கு வந்தது. இரண்டு தட்டு. இரண்டு தட்டு. மேலே ஏறுகிற இழுப்பு.

அப்போதுதான் அண்ணன் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றான். சிரிக்க ஆரம்பித்தான்.

"இதை எப்போ எடுத்தீங்க?"

"நேத்து."

"எங்க வீட்டுக்கு எப்போ வந்தீங்க?"

"உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? இது பறவைங்க."

"பறவையா? நல்லாச் சொன்னீங்க போங்க. காலம் பூரா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?" கேனைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, பெண்டாட்டியின் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "மூடி எங்கே? மூடி எங்கே, பாப்பா?"

ஒலிப்பதிவாளர் இன்னொரு முறை போட்டார்.

சொல் எதுவும் இல்லை. சொல்லின் நடை மட்டும் இருந்தது. அண்ணி கேட்கும்போது முதலில் எரிச்சலில் தட்டித் தட்டி வரும், கடைசியில் 'பாப்பா' என்னும்போது தன்னையறியாமல் குழைந்து மேலே ஏறும். அந்தக் குழைவுகூட அப்படியே இருந்தது. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் பிறகு வேறு மாதிரி கேட்கவே முடியாது.

அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "எல்லாம் சரி, பாப்பா பதிலைக் காணோமே. 'அங்கதான் இருக்கு' எங்கே?"

"பதில் வரணும்னுதான் நிறுத்துறான்," என்றார் ஒலிப்பதிவாளர். "பதில் பெண்ணோட பங்கு."

அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்த இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேனை மறுபடி தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

மேலாளர் அம்மா எழுந்து தீனி அறைக்குப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். முட்டை மசிக்கிற மேசைக்கு நேர் மேலே, குளிர்காற்று போகிற குழாயின் சல்லடை. சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சு அறையிலும் அதே குழாய்க்கு ஒரு சல்லடை. அதன் கீழேதான் துரை வளர்ந்த பெட்டி இருந்தது. அவள் நாற்காலியில் ஏறி ஒரு மெல்லிய காகிதத்தைச் சல்லடைக்கு முன்னால் பிடித்தாள். காகிதம் சுவரை நோக்கிப் பறந்தது.

"ஒலிபெருக்கியில பாட்டு வந்துச்சு," என்று ஒலிப்பதிவாளர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "ஆனா பாட்டு வந்தப்போ தீனி வரலை. பாட்டு காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். சண்டை வந்தப்போ, உடனே தீனி வந்திருக்கு. ஒவ்வொரு வேளையும். குஞ்சு எதைத் தாய்னு நினைக்கும்?"

உள்ளே அடக்கி அடக்கி வைத்ததையெல்லாம் அவர்கள் அந்த மேசைக்கு வந்துதான் கொட்டுவார்கள். வேறு இடத்தில் சண்டை போட்டிருக்கலாம். வண்டியில் போட்டார்கள், வீட்டில் போட்டார்கள், அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

"நான் மூடியை ஒழுங்கா வெச்சிருந்தா..." என்றாள் பாப்பா.

"நீ எங்க வெச்சேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

"இல்லை அண்ணி, என் வாய்..."

"ஆரம்பிச்சது நான். அவன் பாடுறது என் பங்கு. உன்னுது இல்லை."

"நான் பதில் சொல்லாம இருந்திருந்தா நீங்க..."

"பேசாதே, பாப்பா."

அதுதான் அவர்கள் போட்ட கடைசிச் சண்டை. அதையும் முடிக்கவில்லை.

*

சல்லடையைப் பஞ்சு வைத்து அடைத்தார்கள். அண்ணியும் பாப்பாவும் தீனி அறையிலும் பேசுவதை நிறுத்தினார்கள். இப்போது தீனியோடு சேர்த்து மலைப்பாட்டைப் போட்டார்கள். புழு காட்டும்போதெல்லாம் பாட்டு, பழம் வைக்கும்போதெல்லாம் பாட்டு. துரை மரியாதையாக முழுக்கக் கேட்பான். முடிந்ததும் வாலைத் தூக்கித் தன் பாட்டைப் பாடுவான்.

"மாத்திக்க மாட்டானா?" என்று அண்ணி கேட்டாள்.

"குஞ்சா இருக்கும்போது விழுந்ததுதான்," என்றார் ஒலிப்பதிவாளர். "அப்புறம் காது கேக்கும். மனசு எடுத்துக்காது."

மேலாளர் அம்மா யாரையும் திட்டவில்லை. குழாயை அமைத்தவர்களையும் திட்டவில்லை, இவர்களையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாப்பா எதிர்த்துப் பேசியிருப்பாள், அழுதிருப்பாள், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. உப்பு குறைந்திருந்தாலும் யாரும் சொல்லவில்லை. வண்டியில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் அண்ணன் கெட்டிலின் மூடியை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். அண்ணி தேடினாள். அடுப்பு மேடையைப் பார்த்தாள், தொட்டிக்குள் பார்த்தாள். பாப்பா பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. ஒரு தட்டை எடுத்துக் கெட்டிலின் மேல் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஏம்மா, கேளேன்," என்றான் அண்ணன்.

"என்ன கேக்கணும்?"

"மூடி எங்கேன்னு கேளு. நான்தான் எடுத்தேன். என்னையாவது திட்டு."

"தட்டு போதும்," என்றாள்.

பருவம் முடியப் போகிற சமயம் அது. மழை வர வேண்டிய நாட்கள் வெயிலாகவே போயின. ஒரு காலை, துரை கிண்ணத்தில் முகத்தை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அண்ணியும் பாப்பாவும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். மகாராணி உயரக் கிளைக்குப் போனாள். யாரும் கேட்காமல், யாரும் தொடங்காமல், அவள் தன் பாதியைப் பாடினாள்.

அந்தப் பாதியை மகாராணியின் தொண்டையிலிருந்து அவர்கள் அதுவரை கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சின்னதாகத் தொடங்கி, யாரோ விட்ட இடத்திலிருந்து எடுத்து, மெல்ல இறக்கி வைக்கிற பாட்டு. எப்போதோ, எந்த மேட்டிலோ, எந்த ஆணோ தொடங்கியதற்குப் பதில்.

துரை தலையைத் தூக்கினான். கேட்டான். நன்றாகவே கேட்டான். அவள் பாடி முடித்ததும் திரும்பிப் பார்த்தான். அவளை அல்ல. சுவரை. உயரத்தில் பஞ்சு வைத்து அடைத்திருந்த சல்லடையைப் பார்த்தான். குரல் என்றால் அங்கிருந்துதான் வர வேண்டும் அவனுக்கு. அதைப் பார்த்து வாலைத் தூக்கி, தன் கேள்வியைப் பாடினான்.

மகாராணி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழ்க்கிளைக்கு இறங்கினாள். அப்புறம் அவள் பாடவே இல்லை.

பாப்பா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அண்ணி வெளியே நின்றாள். கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கினாள்.

*

மகாராணியைக் கூண்டின் தரையில் அண்ணிதான் பார்த்தாள். வியாதி இல்லை, காயம் இல்லை. வயசு. கண்ணைப் பாதி மூடி, வாலை ஒழுங்காக நீட்டி, ஏதோ வேலை முடித்துப் படுத்த மாதிரி கிடந்தாள். அண்ணி உள்ளங்கையில் எடுத்தாள். கையில் பிடித்தாலே உயிர் போய்விடும் என்று இத்தனை நாள் யாரும் தொடாத உடம்பு. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை. அண்ணன் சாவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் அந்த முட்டையை அவ்வளவு மெதுவாக் கொண்டுவந்தேன்," என்றான். "ஒரு குழியில விடலை."



அடுத்த வாரம் மேலாளர் அம்மா திருப்புளியோடு வந்தாள். குஞ்சு அறைக் கதவில் இருந்த பலகையைத் தானே கழற்றினாள். பஞ்சையும் எடுத்துவிடச் சொன்னாள். குளிர்காற்று சரியாகப் போகவில்லையாம், துரைக்கு வெக்கையாக இருக்கிறதாம்.

"இனிமே உள்ள பேசலாம்," என்றாள்.

"பேசினா?" என்று கேட்டாள் பாப்பா.

"பேசினா ஒண்ணும் ஆகாது. கெடுறதுக்கு இனிமே யாரும் இல்லை." சொல்லிவிட்டு, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். "அவன் இருக்கிற வரைக்கும் நல்லாப் பாத்துக்கங்க. பசிக்க விடாதீங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

கதவில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஆணி ஓட்டைகள் இருந்தன.

மறுநாள் காலை பாப்பா தீனி அறை மேசையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்தால் மூடியை இப்போதெல்லாம் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற மாதிரி, மல்லாத்தி வைக்கிறாள். எடுத்த வேலை முடிந்ததும் அழுத்தி மூடுகிறாள். மேசையில் ஒரு புழு நெளியவில்லை. அண்ணி வந்தாள். அங்கியை மாட்டினாள். மேசையைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். சுத்தமாக இருந்த மேசையை ஒரு துணியால் மறுபடி துடைத்தாள்.

தலைக்கு மேலே சல்லடையில் காற்று உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

அண்ணி புழுக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குஞ்சு அறைக் கதவைத் திறந்தாள். பழக்கத்தில் மூச்சை அடக்கினாள். பிறகு அடக்க வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து, கதவை மூடாமல் அப்படியே விட்டாள். துரை அவளைப் பார்க்கவில்லை. சல்லடைக்கு நேர் கீழே இருக்கிற கிளையில் உட்கார்ந்து, அண்ணாந்து, அந்தச் சின்ன இருட்டுச் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வாலைத் தூக்கினான். தொண்டை உப்பியது.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. மேலே ஏறி நிற்கிற இழுப்பு.

நிறுத்தினான். தலையைச் சாய்த்தான்.

மேசையில் பாப்பாவின் கை நின்றது. இடுக்கியில் மாட்டிய புழு மட்டும் நெளிந்தது.

அவன் மறுபடி பாடினான். அதே இடத்தில், அதே குழைவில் நிறுத்தினான். காத்திருந்தான்.

அண்ணி திறந்த கதவின் நிலையில் சாய்ந்து நின்றாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு பாப்பாவோடு பேசுவதால் குரல் கரகரத்தது.

"பதில் சொல்லு, பாப்பா. உன்னைத்தான் கேக்குறான்."